கோபுரத்து வல்லூறு: மட்டக்களப்பு, அம்பாறை நகரங்களில் பொரி வல்லூறைப் பார்க்கவும் காக்கவும் ஒரு செய்முறை

இலண்டனிலும் நியூயோர்க்கிலும் உயர்ந்த கட்டடங்களின் விளிம்பில் பொரி வல்லூறுகள் (Peregrine Falcon எனும் வேட்டைப் பறவைகள்) குஞ்சு பொரிப்பதை இணைய நேரலையில் பார்த்துவிட்டு, எங்களுடைய ஊரிலும் இதைப் பார்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்காகவே இந்தப் பதிவு. பார்க்க முடியும், ஆனால் இங்கே பருவமும் இடமும் வேறு. இலங்கையில் இப்பறவையின் இரண்டு பிரிவுகள் உள்ளன. ஒன்று ஷாகீன் எனப்படும் உள்நாட்டுப் பிரிவு. அது சிகிரியா போன்ற செங்குத்துப் பாறைகளில் கூடு வைத்து ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்கிறது. மற்றையது வட துருவத்தை அண்டிய ரஷ்யச் சமவெளிகளில் இனப்பெருக்கம் செய்து, வாடைக் காற்றுக் காலத்தில் எங்கள் கரைக்கு வந்து, சித்திரை மாதமளவில் திரும்பிப் போகும் வலசைப் பிரிவு. வாவியோரக் கோபுரங்களில் நாம் காண்பது பெரும்பாலும் இந்த விருந்தாளியைத்தான்.

முதலாவது படி: பறவையை இனங்காணுதல்

பருந்தையும் செம்பருந்தையும் அறிந்தவர்களுக்கு இதில் அதிகம் சொல்லத் தேவையில்லை. காகத்தை ஒத்த உடல், கூர்ந்த நீண்ட சிறகுகள், கண்ணுக்குக் கீழே மீசைபோல இறங்கும் கருமை, மஞ்சள் கால்கள் ஆகிய நான்கையும் சேர்த்துப் பாருங்கள். முதிர்ந்த வலசைப் பறவைக்கு முதுகு சாம்பல் நிறமாகவும், வெளிர் மார்பில் நுண்ணிய குறுக்குக் கோடுகளும் இருக்கும். இளம் பறவையின் முதுகு பழுப்பாகவும், மார்புக் கோடுகள் மேலிருந்து கீழாகவும் இருக்கும். ஷாகீன் இதைவிடச் சற்றுச் சிறியது. அதன் தலை முழுவதும் கருமையாகவும் வயிறு செம்மண் நிறமாகவும் இருக்கும். ஒரே இடத்தில் சிறகடித்து அந்தரத்தில் நிற்கும் பறவையைக் கண்டால் அது சிற்றெழாலாக இருக்கலாம். குட்டையான வட்டச் சிறகும் நீண்ட வாலும் கொண்டு வேலிக்கும் மரத்துக்கும் இடையே பாய்வது வைரி. இரண்டையும் பொரி வல்லூறு என்று பதிவிடுவோர் ஏராளம்.

இரண்டாவது படி: கருவிகள்

எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீற்றர் வில்லையும் கொண்ட இருகண் தொலைநோக்கி ஒன்று போதும். நடைபாதைக் கடைகளில் கிடைக்கும், பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மலிவான தொலைநோக்கிகளை வாங்கவே வேண்டாம். அவற்றில் படம் மங்கலாகத் தெரிவதோடு, கடற்காற்றின் ஈரத்தில் உள்வில்லைகளில் பூஞ்சணமும் விரைவில் பிடித்துவிடும். பத்து மடங்கு பெருக்கத்தை விரும்புவோர் உண்டு. வாவியோரக் காற்றில் கை நடுங்கும்போது அந்தக் கூடுதல் பெருக்கத்தால் பயன் எதுவும் இல்லை என்பதே என் கருத்து. கண்ட பறவைகளைப் பதிவிடும் ஈபேர்ட் செயலி கணக்கு வைத்திருக்க நல்லது என்றாலும், பறவை எந்தக் கோபுரத்தில் எந்தப் பக்கத்துச் சட்டத்தில் எத்தனை மணிக்கு இருந்தது என்பதை எழுதுவதற்கு ஒரு சிறிய கொப்பியைத்தான் நான் நம்புகிறேன்.

மூன்றாவது படி: கோபுரத்தைத் தேடும் முறை

என்னை நீண்ட காலம் இழுத்தடித்த படி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். புதிதாகத் தொடங்குவோர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் இப்பறவை நாளின் பெரும்பகுதியை ஆடாமல் அசையாமல் அமர்ந்தே கழிக்கிறது. எனவே ஆகாயத்தை விட்டுவிட்டு, தொலைத்தொடர்புக் கோபுரங்கள், நீர்த்தாங்கிகள், தேவாலய மணிக்கூண்டுகள், முகத்துவாரத்து வெளிச்சவீடு போன்ற உயரமான அமைப்புகளின் மேல் மூன்றில் ஒரு பகுதியை மட்டும் சட்டம் சட்டமாகப் பாருங்கள். பறவை உச்சி முனையில்தான் இருக்கும் என்று எண்ணக் கூடாது. காற்று பலமாக வீசும் நாட்களில் அது ஒரு தட்டு கீழே இறங்கி, வட்டத் தட்டு அலைவாங்கிகளின் மறைவில், காற்றுக்கு முகம் கொடுத்து அமர்ந்திருக்கும்.

ஒளியின் திசை இதைவிட முக்கியமானது. எங்களுக்குச் சூரியன் கடலில் உதிப்பதால், காலையில் கோபுரத்துக்குக் கிழக்கே நின்று மேற்கு நோக்கிப் பார்க்க வேண்டும். கல்லடிப் பக்கத்தில் நின்று வாவிக்கு அப்பால் புளியந்தீவையும் கோட்டைமுனையையும் பார்ப்பது இதற்கு மிகவும் வசதியானது. பின்னேரத்தில் இந்த ஒழுங்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஒளி எதிராக இருந்தால் இரும்புச் சட்டத்தில் இருக்கும் காகமும் வல்லூறும் ஒரே கறுப்புப் பொட்டாகத்தான் தெரியும். அப்படியும் ஐயம் தீராவிட்டால் மற்றப் பறவைகளைப் பாருங்கள். காகங்கள் கோபுரத்தின் ஒரே மூலையைச் சுற்றிக் கரைந்துகொண்டிருந்தாலோ, சேற்றுத் திடலில் மேயும் உள்ளான்களும் நீர்மேல் திரியும் ஆலாக்களும் ஒரே நேரத்தில் எழுந்து இறுக்கமான கூட்டமாகச் சுழன்றாலோ, வல்லூறு எங்கோ அருகில் இருக்கிறது என்று கொள்ளலாம். விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும் வேட்டைக்குரியவை. வௌவால்கள் புறப்படும் வேளையில் அவற்றையும் அது துரத்தும்.

எங்கள் மாவட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கு சொல்ல வேண்டும். பல கோபுரங்கள் முகாம்களுக்கும் பொலிஸ் நிலையங்களுக்கும் அரச அலுவலகங்களுக்கும் அருகில் நிற்கின்றன. ஒருவர் அரை மணி நேரமாகத் தொலைநோக்கியை அந்தத் திசையில் பிடித்துக்கொண்டு நின்றால் கேள்வி வருவது இயல்பே. ஆகவே முதலில் காவலாளியிடம் சென்று, கொப்பியையும் பறவையின் படத்தையும் காட்டி, என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் இருவராகச் செல்லுங்கள். முகாம் பக்கமாகக் கமராவைத் திருப்பவே திருப்பாதீர்கள். இதில் ஒரு நன்மையும் உண்டு. எந்த நேரத்தில் "பருந்து" வந்து குந்துகிறது என்பதைப் பல காவலாளிகள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

நான்காவது படி: அடியில் தேடுதல்

பறவை இல்லாவிட்டாலும் அதன் தடயம் கிடைக்கும். வல்லூறு இரையைத் தின்பதற்கு முன் இறகுகளைப் பிடுங்கிவிடும் என்பதால், கோபுரத்தின் அடியில் இறகுகள் சிதறிக் கிடக்கும். மார்பு இறைச்சி தின்னப்பட்டு, இரண்டு சிறகுகளும் எலும்போடு ஒட்டியபடியே கிடக்கும் புறாவோ உள்ளானோ கிடைத்தால் அது நல்ல சான்று. பூனை தின்ற பறவையில் இறகின் அடித்தண்டு பெரும்பாலும் கடிபட்டு முறிந்திருக்கும். வல்லூறு பிடுங்கிய இறகு அநேகமாக முழுத்தண்டோடு வரும். வேலிக்கு வெளியே நின்றே பாருங்கள்.

ஐந்தாவது படி: கூடு உண்டா என்று அறிதல்

ஷாகீனின் இனப்பெருக்கக் காலம் ஏறத்தாழ டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஆகும்; அதாவது வலசைப் பறவைகளும் இங்கே இருக்கும் அதே மாதங்கள். எனவே அந்த மாதங்களில் ஒரு பறவை கோபுரத்தில் இருப்பதை மட்டும் வைத்து அது கூடு வைத்திருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. வல்லூறு சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பின் மண்ணையோ சரளையையோ மார்பால் அழுத்திக் குழியாக்கி அதில் மூன்று அல்லது நான்கு முட்டைகள் இடும். சுள்ளி சுமந்து கோபுரத்துக்குப் போகும் பறவை பெரும்பாலும் காகமாகத்தான் இருக்கும். ஆயினும் இந்தியாவில் ஷாகீன்கள் கட்டடங்களிலும் தொலைபேசிக் கோபுரங்களிலும் கூடு வைத்தது பதிவாகியுள்ளதால், இங்கே அது நடக்கவே நடக்காது என்று சொல்வதற்கில்லை. ஒரு சோடி சேர்ந்து வருவது, பெரிய பெண் பறவை ஒரே இடத்தில் பல நாட்கள் மறைந்திருப்பது, சிறிய ஆண் இரையைக் கொண்டுவந்து கைமாற்றுவது, ஒரு மூலைக்கு அருகே போனால் "கெக்-கெக்-கெக்" என்று விடாமல் அலறுவது ஆகியவற்றைக் கண்டால் மட்டும் கூடு என்று ஐயுறுங்கள். அடைகாப்பு ஏறக்குறைய ஒரு மாதமும், குஞ்சு பறக்க அதன்பின் ஆறு அல்லது ஏழு வாரங்களும் எடுக்கும். மட்டக்களப்பு மாவட்டத்தின் உட்பகுதியில், குடும்பிமலை போன்ற பாறைகளில் ஏறுவோர், விளிம்புக்கு மேலே நின்று எட்டிப் பார்ப்பதே பறவையை அதிகம் கலைக்கும் என்பதை மனத்திற்கொண்டு, கீழேயும் தொலைவிலும் இருந்தே பார்க்க வேண்டும்.

ஆறாவது படி: காத்தல்

கூடு இருப்பதாகத் தெரிந்தால் இடத்தை முகநூலில் போடாதீர்கள். படம் எடுப்பதற்காகக் கூடுவோரின் தொல்லையும் குஞ்சு திருடுவோரின் ஆபத்தும் உலகெங்கும் உள்ளவை. இப்பறவை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் இருப்பதற்கு வணிகமும் ஒரு காரணம். கோபுரத்தைப் பராமரிக்கும் நிறுவனத்துக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் மட்டும் எழுத்தில் அறிவித்து, குஞ்சு பறக்கும்வரை அவசரமற்ற திருத்த வேலைகளைப் பிற்போடக் கேளுங்கள். ட்ரோன் பறக்கவிடுவது அனுமதி சார்ந்த விடயம் என்பது ஒருபுறமிருக்க, வல்லூறு அதனைத் தாக்கித் தானே காயப்படவும் கூடும்.

நஞ்சைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது. 1967இல் டெரெக் ரட்கிளிஃப் என்ற பிரித்தானிய ஆய்வாளர், வல்லூறுகளின் முட்டை ஓடு மெலிந்திருப்பதைப் பழைய முட்டைத் தொகுப்புகளோடு ஒப்பிட்டுக் காட்டினார். டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி இரையின் கொழுப்பில் சேர்ந்து வல்லூறின் உடலில் செறிந்ததே காரணம் என்பது பின்னர் உறுதியானது. அமெரிக்கா 1972இல் அதைத் தடைசெய்தது. கூண்டில் வளர்த்த குஞ்சுகளை நகரக் கட்டடங்களிலிருந்தும் பறக்கவிட்டு, 1999இல் அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து இப்பறவையை நீக்கியது. வயல் சூழ்ந்த எங்கள் மாவட்டங்களில், வயலுக்கு வரும் பறவைகளுக்கு நஞ்சு கலந்த நெல் வைப்பது வல்லூறுக்கும் வைத்த நஞ்சே.

பின்சேர்க்கை

கல்முனையில் புறா வளர்க்கும் ஒரு வாசகர், வல்லூறு தம்முடைய புறாவைக் கொண்டுபோவதாகவும் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தார். வல்லூறுக்கு நாளொன்றுக்கு ஒரு முழுப் புறாகூட வேண்டியதில்லை. வலசைப் பறவையாயின் சித்திரையோடு போய்விடும். அதுவரை விடிந்தவுடன் கூட்டைத் திறக்காமல் சற்றுத் தாமதித்துத் திறப்பதும், நேரத்தை நாளுக்கு நாள் மாற்றுவதும், கூட்டின் முன்பக்கத்துக்கு வலை அடிப்பதும் பயன் தரும். சுடுவதும் பொறி வைப்பதும் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம்.

மழைக்குப் பின் பறக்க இயலாமல் நிலத்தில் கிடக்கும் பறவையைக் கண்டால் என்ன செய்வது என்று வேறு சிலரும் கேட்டிருந்தார்கள். தடித்த துவாயால் முழுவதும் மூடி, சிறகுகளை உடலோடு அணைத்துத் தூக்குங்கள். சொண்டைவிடக் கால்நகங்களுக்கே அதிகம் கவனம் தேவை. காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து இருட்டான அமைதியான அறையில் விடுங்கள். சோறோ பாணோ கொடுக்காதீர்கள். சொண்டைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். உடனே வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்து, பறவை கிடந்த இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை பெட்டியைத் திறந்து பார்ப்பவர்களைத் தடுப்பதுதான் மிகக் கடினமான வேலை.