கச்சேரியைத் திரையில் பார்க்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ‘தி ஈராஸ் டூர்’ இசைச் சுற்றுப்பயணம் இந்தியாவுக்கு வரவே இல்லை. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில் தொடங்கி, 2024 டிசம்பரில் கனடாவின் வான்கூவரில் நிறைவடைந்த அந்த 149 நிகழ்ச்சிகளில் நமக்கு மிக அருகில் நடந்தவை, சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கின் ஆறு இரவுகள்தாம். விமானக் கட்டணத்தையும் விடுதி வாடகையையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஆசையை மடித்து வைத்தவர்களுக்கு, 2023 நவம்பர் 3 அன்று இங்குள்ள திரையரங்குகளுக்கு வந்த அதன் படமே கச்சேரியாக அமைந்தது. என் அக்காள் மகளை அழைத்துக்கொண்டு நான் அதை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை ஏறத்தாழ எல்லாவற்றையும் தவறாகவே செய்தோம். இரண்டாம் முறை ஓரளவு தேறினோம். இத்தகைய படங்கள் இனியும் வரும் என்பதால், அந்த இரண்டு மாலைகளுக்கும் இடையில் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

எந்த வகைப் படத்துக்குப் போகிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஈராஸ் படத்தில் கதை இல்லை, பேட்டி இல்லை, ஒப்பனை அறைக் காட்சிகளும் இல்லை. 2023 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய இங்கிள்வுட் நகரின் சோஃபை விளையாட்டரங்கில் நடந்த நிகழ்ச்சிகளைச் சாம் ரென்ச் படமாக்கித் தொகுத்தார், அவ்வளவுதான். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று வெளிவந்த பாடகி பியான்சேயின் ‘ரெனசான்ஸ்’ கச்சேரிப் படமோ, பாடல்களுக்கிடையே மேடை அமைத்த கதையையும் குடும்பத்தையும் உழைப்பையும் சொல்லிக்கொண்டே போகும். முன்னதற்குப் பாடத் தெரிந்தவர்களோடு போக வேண்டும். பின்னதற்குப் பாடல்களே தெரியாத ஒருவரையும் துணிந்து அழைத்துப் போகலாம். மேடையில் மூன்று மணி நேரத்தைத் தாண்டும் நிகழ்ச்சி, ஈராஸ் படத்தில் 168 நிமிடமாகக் குறைந்திருந்தது என்பதையும் நாங்கள் அறிந்திருக்கவில்லை. நிகழ்ச்சி ஆல்பம் ஆல்பமாகப் பிரிந்து செல்லும்; அதில் ‘ஃபோக்லோர்’ ஆல்பத்தின் பகுதி தொடங்கியதிலிருந்து என் அக்காள் மகள் ‘கார்டிகன்’ பாட்டுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. திரையரங்குப் பதிப்பில் வெட்டப்பட்ட பாடல்களில் அதுவும் ஒன்று. 2024 மார்ச்சில் ஓடிடியில் வந்த பதிப்பில்தான் அதைச் சேர்த்தார்கள். எனவே டிக்கெட் எடுக்கும் நாளிலேயே படத்தின் நீளத்தையும் பாடல் வரிசையையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டு வரும் என்று தெரிந்தால் சுவை போய்விடும் என்பது இங்கே பொருந்தாத அச்சம். சபாவில் உட்காருமுன் பாடகர் என்னென்ன கீர்த்தனை எடுக்கப்போகிறார் என்று அறிந்துகொள்ள விரும்பும் ரசிகரும் உண்டல்லவா?

அடுத்தது முன்பதிவு. வழக்கமான படத்துக்கு ‘விமர்சனம் வரட்டும், பார்க்கலாம்’ என்று இருந்துவிடலாம். இதற்கு அப்படி இருந்தால் படம் போய்விட்டிருக்கும். கொரிய இசைக்குழுவான பி.டி.எஸ்., சியோல் நகரில் நடத்திய நிகழ்ச்சி 2022 மார்ச் 12 அன்று பல நாடுகளின் திரையரங்குகளில் அந்த ஒரே நாள் மட்டுமே காட்டப்பட்டது. 2025 அக்டோபரில் ஸ்விஃப்டின் புதிய ஆல்பத்துக்காகத் திரையரங்குகளில் நடந்த வெளியீட்டு விழாக் காட்சிகள் மூன்றே நாட்களில் முடிந்தன. ஈராஸ் படத்தைக்கூட ஹாலிவுட் நிறுவனம் எதுவும் வெளியிடவில்லை. ஏஎம்சி என்ற அமெரிக்கத் திரையரங்கு நிறுவனமே நேரடியாக வெளியிட்டு, அங்கே தொடக்க வாரங்களில் பெரும்பாலும் வியாழன் முதல் ஞாயிறு வரை மட்டுமே திரையிட்டது. அங்கே பெரியவர்களுக்கு 19.89 டாலர், சிறுவர்க்கும் முதியோர்க்கும் 13.13 டாலர் என்று நுழைவுச்சீட்டு விலை வைத்தார்கள்: 1989 ஸ்விஃப்ட் பிறந்த ஆண்டு, 13 அவருக்கு உகந்த எண். விலைச்சீட்டிலும் ரசிகர்களுக்கு ஒரு சமிக்ஞை வைத்த அந்தத் துணிச்சலை, வணிகம் என்று தெரிந்தும், என்னால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

எந்தக் காட்சிக்குப் போவது என்பதில்தான் உங்கள் மாலையின் பாதி அடங்கியிருக்கிறது. முதல் வெள்ளி மாலைக் காட்சி ரசிகர்களுடையது. அங்கே பாடகியின் குரலைவிடப் பக்கத்து வரிசைக் குரல்களே மிகுதியாகக் கேட்கும். பாட்டைக் கேட்க வேண்டும் என்பவர் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு ‘உஷ்’ என்று அதட்டுவது நியாயமில்லை. அவருக்கு வார நாளின் பகல் காட்சியோ, இரண்டாம் வாரமோ இருக்கிறது. கொரிய இசைக்குழுக்களின் படங்களுக்குச் சில இடங்களில் ஒளிரும் கைத்தடிகளோடு வந்து கூவுவதற்கென்றே தனிக் காட்சிகளை அறிவிப்பார்கள். அப்படி ஒன்று இருந்தால், கூவ விரும்புகிறவர் அதற்கே போகட்டும். இரண்டு முறை பார்க்க வசதியுள்ளவர்களுக்கு என் பரிந்துரை, முதலில் கூட்டத்தோடும் பின்பு அமைதியாகவும் பார்ப்பது. நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம். முதல் முறை மொத்தம் பதினொரு பேர் இருந்த அரங்கில், எழுந்து ஆட ஆசைப்பட்டு, வெட்கப்பட்டு, இருக்கையின் கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டே திரும்பினோம்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணுக்கு முன் காதை நினையுங்கள். திரையரங்கின் ஒலியைச் சீரமைக்கும் தொழில்நுட்பர்கள், திரையிலிருந்து பின்சுவர் வரையிலான தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவாக உள்ள இடத்தையே அளவையாகக் கொள்வார்கள். பதினைந்து வரிசை இருந்தால் பத்தாவது வரிசையின் நடு இருக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாடகியின் குரல் முன்னாலிருந்தும், விளையாட்டரங்கக் கூட்டத்தின் ஆரவாரம் பக்கங்களிலிருந்தும் பின்னாலிருந்தும் வந்து சேரும். ஓரத்தில் அமர்ந்தால் அந்த ஓரத்து ஒலிபெருக்கியின் கைதட்டல் மட்டுமே காதை அடைக்கும். ஐமாக்ஸ் திரையின் முன் வரிசைகளை விட்டுவிடுங்கள். ஒரு சண்டைக் காட்சிக்குக் கழுத்தைத் திருப்புவது வேறு, ஏறத்தாழ மூன்று மணி நேரம் கேமரா மேடையைச் சுற்றிப் பறக்கும்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது வேறு. மூன்று சுவர்களிலும் படம் விரியும் ஸ்கிரீன்எக்ஸ் அரங்கமானால் இன்னும் பின்னால் போங்கள், இல்லாவிட்டால் பக்கச் சுவர்கள் கண்ணிலேயே படாது. ஆடுவது என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம்: கடைசி வரிசையே அவர்களுக்கு உரியது, ஏனெனில் பின்னால் யாரும் இல்லை.

ஒலியின் அளவு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டால்பி ஒலிக்கருவி உள்ள, படம் ஓட்டும் அறையில் 0 முதல் 10 வரையிலான ஓர் அளவுகோல் இருக்கும். அதில் 7 என்பது, ஒலிக்கலவை செய்தவர் தம்முடைய கூடத்தில் கேட்ட அதே அளவு. புகார் வருமோ என்ற கவலையில் பல அரங்குகள் அதற்குக் கீழேயே வைத்து ஓட்டுகின்றன. குசுகுசுவென்று ஒலிக்கும் கச்சேரிப் படத்தைப்போல் பரிதாபமானது வேறில்லை. ஒலி தாழ்ந்திருப்பதாகத் தோன்றினால், இரண்டு பாட்டு முடியும்வரை பொறுத்துவிட்டு, வெளியே நிற்கும் ஊழியரிடம் ‘அண்ணா, சவுண்டைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்களேன்’ என்று பணிவாகக் கேளுங்கள். எங்கள் இரண்டாம் காட்சியில் அப்படிக் கேட்டதற்குப் பலன் இருந்தது. மறுபக்கம், குழந்தைகளின் காதுகளை மறக்கக்கூடாது. இசை அரங்குகளில் சராசரி ஒலி 15 நிமிடக் கணக்கில் 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. திரையரங்கின் ஒலியோடு நூற்றுக்கணக்கானோரின் கூச்சலும் சேரும்போது எச்சரிக்கை தேவை. மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான்களில் இரண்டு ஜோடி பையில் இருந்தால் போதும். சிறு குழந்தைகளுக்குக் காதை முழுதாக மூடும் கவசமே ஏற்றது. வெளியே வந்தபின் காதில் ரீங்காரம் இருந்தால், அடுத்த முறை அடைப்பானை முதல் பாட்டிலேயே செருகிக்கொள்ள வேண்டும் என்று பொருள்.

பாடல்கள் தெரியாமல் துணைக்குப் போகும் பெற்றோரும் மாமா அத்தைமாரும், ஒரு வாரம் முன்பிருந்தே சமையலறையில் ஒரு மணி நேரம் அவற்றை ஓடவிட்டுக் கேட்டுவைப்பது நல்லது. வரிகள் மனப்பாடமாக வேண்டியதில்லை. கூட்டம் எங்கே என்ன செய்யும் என்று தெரிந்தால் போதும். ‘யூ பிலாங் வித் மீ’ பாட்டில் இரட்டைக் கைதட்டல் விழும் இடம் ஒன்று உண்டு. ‘டெலிகட்’ பாட்டில் ரசிகர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் கூவுவார்கள், கூடவே ஒரு வசைச்சொல்லும் வரும். பத்து வயதுப் பிள்ளையோடு போகிறவர் இதை முன்கூட்டியே அறிந்திருந்தால் முகம் கொடுக்கும் விதத்தைத் தீர்மானித்துக்கொள்ளலாம். நான் இருமினேன்.

கைவளைக்கு வருகிறேன். ஸ்விஃப்டின் பாட்டு ஒன்றில் வரும் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, ரசிகர்கள் பாசிமணியில் பாடல் பெயர்களைக் கோத்து, முன்பின் தெரியாதவர்களோடு மாற்றிக்கொள்வதை வழக்கமாக்கினார்கள். படத்துக்கு வரும்போதும் வளைகளைக் கொண்டுவரும்படி அவரே அழைத்திருந்தார். செய்வது எளிது, ஆனால் நாங்கள் தடுக்கி விழுந்த இடங்கள் இரண்டு. எழுத்து மணிகளை வாங்கும்போது எல்லா எழுத்தும் சம எண்ணிக்கையில் உள்ள டப்பாவை வாங்கினோம். ஆங்கிலச் சொற்களில் ‘ஈ’யும் ‘ஏ’யும் எத்தனை முறை வரும் என்பது நான்காவது வளையில் ‘ஈ’ தீர்ந்தபோதுதான் உறைத்தது. உயிரெழுத்துகளைத் தனியாகக் கூடுதலாக வாங்குங்கள். எலாஸ்டிக் நூலின் முடிச்சு வழுக்கிக்கொண்டு அவிழும் என்பது அடுத்தது: இரண்டு முடிச்சுப் போட்டு, அதன் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து, அது காயும்வரை தொடாமலிருந்தால் நிற்கும். இல்லையேல் இருட்டில் மணிகள் சிதறி, பக்கத்துக் காலணிகளுக்கடியில் கைபேசி வெளிச்சத்தில் தேட வேண்டியிருக்கும். ஆறேழு வளை கொண்டுபோனால் போதும். மாற்றிக்கொள்வதைக் காட்சி தொடங்குமுன் வராந்தாவிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நடந்துகொள்ளும் முறையில் ஏஎம்சி தன் அரங்குகளுக்கு வகுத்த விதி எனக்குச் சரியாகப்பட்டது: பாடலாம், ஆடலாம், இருக்கையின் மேல் ஏறக்கூடாது, பிறரை மறைக்கக்கூடாது, நடைபாதையை அடைக்கக்கூடாது, நண்பர்களோடு படம் எடுத்துக்கொள்ளலாம், திரையைப் பதிவு செய்யக்கூடாது. முதல் நாள் முதல் காட்சிக்கு விசிலடித்துக் காகிதம் பறக்கவிட்டுப் பழகிய நமக்கு ஆடுவதைக் கற்பிக்க வேண்டியதில்லை. கைபேசியைத்தான் கற்பிக்க வேண்டும். 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி, இந்தியத் திரையரங்கில் படத்தை அனுமதியின்றிப் பதிவு செய்தால் குறைந்தது மூன்று மாதச் சிறையும் மூன்று லட்ச ரூபாய் அபராதமும் உண்டு. சிறைத்தண்டனை மூன்று ஆண்டுவரை போகலாம். முன்னால் இருப்பவர் எழுந்து நின்று மறைத்தால், பாட்டின் நடுவே தோளைத் தட்டாமல், பாட்டு முடிந்து இருளும் இடைவெளியில், ‘அடுத்த பாட்டுக்குக் கொஞ்சம் உட்காருங்களேன், அம்மாவுக்குத் தெரியவில்லை’ என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். வயதானவர்களை அழைத்துப் போனால் நடைபாதையை ஒட்டிய இருக்கையே நல்லது, ஒலியில் கொஞ்சம் இழந்தாலும்.

இடைவேளை இல்லாமல் எடுக்கப்பட்ட படத்துக்கும் நம் ஊர் அரங்குகள் இடைவேளை விடும், அதுவும் தோன்றிய இடத்தில். நாங்கள் பார்த்த ஓர் அரங்கில் பாட்டின் கடைசி அடி காற்றில் நிற்கும்போதே விளக்கெரிந்து பாப்கார்ன் விளம்பரம் ஓடியது. இதற்கு மருந்தில்லை, எங்கே விடுவார்கள் என்று நுழையும்போதே ஊழியரைக் கேட்டு வைத்துக்கொண்டால் மனம் உடையாது. கழிவறைக்குப் போகவும் பாடல் வரிசை உதவும். ‘ஸ்பீக் நவ்’ பகுதியில் ஒரே பாட்டுதான், அதை நம்பி எழுந்தால் திரும்புவதற்குள் ‘ரெட்’ தொடங்கிவிடும். அந்தப் பகுதியின் முடிவில் வரும் பத்து நிமிடப் பாட்டு வசதியானது என்று தோன்றும். ஆனால் அப்போது எழுந்து வரிசையைக் கடப்பவரைத் தீவிர ரசிகர்கள் பார்க்கும் பார்வையை நான் கண்டிருக்கிறேன். ஆடை மாற்றத்துக்காக மேடை காலியாகும் நேரங்களே உத்தமம். 

கடைசியாக, பெயர்கள் ஓடத் தொடங்கியதும் பையைத் தேடாதீர்கள். ஈராஸ் படத்தின் மேடைக் காட்சிகளிலிருந்து வெட்டிய ‘லாங் லிவ்’ பாட்டைப் பெயர்ப் பட்டியலின் மேல்தான் வைத்திருந்தார்கள். முதல் முறை நாங்கள் அப்போது மின்தூக்கி வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். இரண்டாம் முறை விளக்குகள் பாதி எரிந்த அரங்கில், துடைப்பத்தோடு கதவருகே நின்ற அக்கா ஒருவர் பாட்டு முடியும்வரை உள்ளே வராமல் காத்திருந்தார். வெளியேறும்போது என் அக்காள் மகள் தன் மணிக்கட்டில் மிஞ்சியிருந்த ஒரே வளையைக் கழற்றி அவருக்குக் கொடுத்தாள். ‘ஈ’ தீர்ந்துபோனதால் எழுத்துக் குறைந்திருந்த வளை அது. அவர் அதைப் போட்டுக்கொண்டு, ‘இதில் என்னம்மா எழுதியிருக்கிறது?’ என்று கேட்டார்.