புண்ணின் நாற்றத்தை முகத்தில் காட்டாமல் கட்டு மாற்றுவதற்கு

கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகச் சென்று, படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கும் செவிலியருக்கு மருத்துவமனை வார்டின் வசதிகள் கிடைப்பதில்லை. குளிருக்காகச் சன்னல் சாத்திய ஒற்றை அறையில், மார்பில் வெடித்த புற்றுநோய்ப் புண்ணின் வாடை வாசலிலேயே முகத்தில் அடிக்கும்.

அப்போது மூக்கைக் காப்பதைவிட நாற்றத்தின் மூலத்தைக் குறைப்பதே முதல் வேலை. அழுகிய சதையில், காற்றில்லாமல் வாழும் கிருமிகள் பெருகுவதால்தான் வாடை எழுகிறது. மருத்துவர் எழுதித் தந்தால் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தைப் புண்ணின்மேல் இடுவது அதைப் பெரும்பாலும் தணித்துவிடும். பழைய கட்டைச் சலைன் உப்புநீரில் நனைத்து மெதுவாக எடுத்து, எடுத்த கையோடு பாலித்தீன் பையில் போட்டு வாயை இறுக முடிந்துவிட்டால், அறையின் வாடை உடனே குறைவது தெரியும். கரித்தூள் கலந்த டிரெஸ்ஸிங் கிடைத்தால் நல்லது, ஆனால் அது நனைந்தால் பயன் குறைந்துவிடும். ஊதுபத்தியும் சென்ட்டும் வேண்டாம்: இரண்டு வாடையும் கலந்து குமட்டலைக் கூட்டுவதோடு, ஆக்சிஜன் வைத்திருக்கும் வீட்டில் நெருப்பு ஆபத்து.

உங்களுக்காகச் செய்ய வேண்டியவை சிலவே. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரண்டு சர்ஜிக்கல் மாஸ்க்குகளுக்கு இடையில் தைலத்தைச் சிறு பொட்டாக வைக்கலாம். என்-95 மாஸ்க்கில் வைத்தால் அதன் வடிகட்டும் திறன் கெடும். முதல் சில நிமிடங்களைத்தான் கடக்க வேண்டும். அதுவரை வாய் வழியாக நிதானமாக மூச்சு விடுங்கள், சற்று நேரத்தில் மூக்கு தானே பழகிவிடும்.

ஆனால் பழகுவதற்கு முன் வந்த முதல் வாடையை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது ஒரு தகவல். பச்சை நிறச் சீழும் இனிப்பான வாடையும் சூடோமோனாஸ் கிருமியைக் காட்டலாம். தார் போன்ற கறுப்பு மலத்தின் தனி நாற்றம் உள்ளே இரத்தம் கசிவதைச் சொல்லும். சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழுத்த பழத்தின் வாடை வந்தால் தாமதிக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

மாஸ்க் வாயை மறைத்தாலும் புருவத்தை மறைக்காது. ஒரு லயத்தில் பாட்டி ஒருவர், "கிட்ட வராதே தாயி, நாறும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பேத்தியையும் பல நாள்களாகக் கட்டிலருகே விடவில்லை. நான் என் மருந்துப் பையைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நாறுவது புண்தான் பாட்டி, நீங்கள் இல்லை, அதைக் குறைக்கத்தான் வந்திருக்கிறேன்" என்று சொன்ன பிறகே சன்னலைத் திறக்கலாமா என்று கேட்டேன். வாடையே இல்லை என்று பொய் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

கிளம்பும் முன், பழைய கட்டைப் போட்டு வாயை முடிந்த பையை வீட்டில் விட்டுவராமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அடுத்த முறை வரும்வரை கட்டு ஊறினால் என்ன செய்வது என்பதை வீட்டில் இருக்கும் ஒருவருக்குச் செய்து காட்டி, அவர் கையாலேயே ஒருமுறை செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.