தலைவலி ஆபீஸில் இல்லை, பஸ்ஸில் இருந்தது

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ். மூன்று மாதமாக மதியம் மூன்று மணிக்கு மேல் தலை கனக்கும். மீட்டிங்கில் வாய் திறக்க வராது. கண் டெஸ்ட் செய்தேன், பவர் மாறவே இல்லை. ‘கலகலப்பா பழகு’ என்றார்கள். எட்டுப் பேரோடு சாப்பிட உட்கார்ந்தேன், இன்னும் மோசம்.

வியாழக்கிழமை மட்டும் வலி இல்லை என்பதைத் தற்செயலாகத்தான் கவனித்தேன். அன்று பக்கத்து சீட் அண்ணனுக்கு வார விடுமுறை! மற்ற நாளெல்லாம் ரெட்டிச்சாவடியில் தொடங்கும் பேச்சு முதலியார்பேட்டை வரை ஓயாது. தங்கமான மனுஷன்தான், ஆனால் ஆபீஸ் வாசலிலேயே என் அன்றைய பேச்சுக் கையிருப்பு காலி.

“அண்ணே, பஸ்ஸுல பேசாம வரேன், கோவமில்ல. சாயங்காலம் டீ குடிக்கலாம்” என்றேன்.

“அட, நீ தனியா இருக்கியேன்னுதான் தம்பி பேசினேன். எனக்கும் தூக்கம்தான் வருது.”

இப்போது அரியாங்குப்பம் தாண்டும்போது அவர் குறட்டை. ஆறு மணிக்கு மேல் வண்டி விடாத கடற்கரைச் சாலையில் அரை மணி நேரம் பேச்சு. இரண்டு வாரமாக மாத்திரை வாங்கவில்லை.