கலிபோர்னியாவில் வீடு வாங்குகிறீர்களா? விற்பவரின் வரி பில்லை நம்பாதீர்கள்

விற்பவர் கட்டிவரும் சொத்து வரியை வைத்து உங்கள் வரவு செலவுக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவின்படி, அடிப்படை வரி வீட்டின் மதிப்பில் 1 சதவீதம். அந்த மதிப்பை ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் உயர்த்த முடியும். 30 ஆண்டுகளாகக் குடியிருப்பவர் சொற்ப வரி கட்டுவது இதனால்தான். வீடு கைமாறியதும் சந்தை விலைக்கே மதிப்பு ஏறிவிடும். 8 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 8,000 டாலர். உள்ளூர் அமைப்புகள் வெளியிட்ட கடன் பத்திரங்களை அடைப்பதற்கான வரி தனி.

பலரைத் திணறடிப்பது, வாங்கிய சில மாதங்களில் வரும் துணை வரி பில்; பழைய மதிப்புக்கும் புதிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கான வரி இது. அது நேராக உங்கள் பெயருக்கே வரும். மாதத் தவணையோடு சொத்து வரிக்கும் பணம் பிடிக்கும் வங்கி, பெரும்பாலும் இதைக் கட்டாது. கெடு தவறினால் 10 சதவீத அபராதம். ஆகவே அந்தத் தொகையை முன்பே ஒதுக்கி வையுங்கள்.

குடியேறியதும், உங்கள் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) சொத்து மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் வீட்டு உரிமையாளர் விலக்குக்கு விண்ணப்பியுங்கள். மதிப்பில் 7,000 டாலர் கழிப்பார்கள். மிச்சமாவது ஏறத்தாழ 70 டாலர்தான். ஆனால் ஒருமுறை விண்ணப்பித்தால், அங்கே வசிக்கும்வரை ஆண்டுதோறும் கிடைக்கும்.