நன்னூலின் பத்துக் குற்றமும் என் பொங்கல் கட்டுரையும்

“தை முதல் நாளில் சூரியன் தன் தென்திசைப் பயணத்தை முடித்து வடக்கு நோக்கித் திரும்புகிறான்.”

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு பக்கக் கட்டுரைக்கு நான் எழுதிய முதல் வரி இது. எழுதியதும் ஒரு திருப்தி. அடுத்த வரி தானாக வந்தது: “அன்றிலிருந்து பகல் நீளத் தொடங்குகிறது.” ஒரு எண் போட்டால் நன்றாக இருக்குமே என்று சூரிய உதய, அஸ்தமன நேரங்களை எடுத்துப் பார்த்தேன். பகல் டிசம்பர் 22-ஐ ஒட்டியே நீளத் தொடங்கிவிடுகிறது. பொங்கல் வருவதற்குள் சென்னையில் நாலைந்து நிமிடம் கூடியும் போயிருக்கிறது. சூரியன் திரும்பி மூன்று வாரத்துக்கு மேல் ஆன பிறகு “இன்று திரும்புகிறான்” என்று எழுதியிருக்கிறேன்.

நாற்பது வருஷமாக எனக்கு ‘தெரிந்த’ விஷயம் அது. எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகளில் முதலாவது இந்தத் ‘தெரியும்’தான். மண்டைக்குள் முழுசாக இருப்பதை எடுத்துத் தாளில் கொட்டுவதுதான் எழுத்து என்று நினைத்துக்கொள்கிறோம். கேள்விப்பட்டதும் தெரிந்ததும் உள்ளே ஒரே மாதிரிதான் கிடக்கும். வாக்கியமாக இறக்கும்போதுதான் எது எது என்று பிரியும். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் என்ற இலக்கண நூலை எழுதிய பவணந்தி முனிவர் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் வரும். உடன் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். பிறருக்கு விரித்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. சொல்லிப் பார்க்காதவன் கையில் பாதிதான் இருக்கிறது.

இரண்டாவது தவறு கொஞ்சம் நுட்பமானது. அந்த முதல் வரியை நான் ஏன் சந்தேகிக்கவில்லை? ஓசை நன்றாக இருந்தது. அணி, சொல்நயம் என்றதும் பள்ளியில் மனப்பாடம் செய்த உவமையும் உருவகமும்தான் நினைவுக்கு வருகின்றன. எழுதி முடித்த பிறகு மேலே போடும் நகை என்று எடுத்துக்கொள்கிறோம். அரிஸ்டாட்டில் சொல்லாற்றலை, எந்த விஷயத்திலும் கேட்பவரை ஏற்க வைக்கும் வழி எது என்று கண்டறியும் திறன் என்றார். வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு நிற்காமல், கேட்கும் கூட்டத்தை அறிந்து பேசும் அவையறிதலுக்கும் தனியாக ஒன்று வைத்தார். இருவருக்குமே எதிரே இருப்பவர் யார் என்பதுதான் முதல் கேள்வி. என் வரியில் எதிரே யாருமே இல்லை. நானே எழுதி நானே கேட்டு ரசித்துக்கொண்டிருந்தேன்.

தப்பைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் அடுத்த பள்ளத்தில் விழுந்தேன். பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தள்ளாடுகிறது; ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டு; 72 ஆண்டுக்கு ஒரு பாகை. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன், சூரியன் மகர ராசிக்குள் நுழையும் மகர சங்கராந்தியும் சூரியன் திரும்பும் நாளும் ஒன்றாக இருந்தன, பிறகு விலகின. இதை நாலு பத்தி எழுதினேன். அருமையான விஷயம்தான். ஆனால் கட்டுரையில் கேட்டிருந்த கேள்வி, பொங்கல் ஏன் சில வருஷம் ஜனவரி 14, சில வருஷம் 15 என்பது. ஒரு நூலில் இருக்கக் கூடாதவை என்று நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் எட்டாவது இது: ‘மற்றொன்று விரித்தல்’, சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது. புதிதாகக் கற்றவனுக்கு வரும் நோய் என்பேன். பத்து வருஷமாகத் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். நேற்று ராத்திரி தெரிந்துகொண்டதை விட மனசு வராது.

அதே பட்டியலில் உள்ள ‘கூறியது கூறல்’, அதாவது சொன்னதையே திரும்பச் சொல்வது, நமக்கு மேடையிலிருந்து வந்தது. மேடையில் அது குற்றமே இல்லை. காது திரும்பிப் போய்க் கேட்க முடியாது, மூன்று முறை சொன்னால்தான் பதியும். தாளில் கண் திரும்பிப் போகும். பேச்சுப்போட்டியில் தமிழ் பழகியவர்கள் எழுத்திலும் எல்லாவற்றையும் மும்மூன்றாக அடுக்குவது அந்தப் பழக்கத்தால்தான். ‘சென்று தேய்ந்து இறுதல்’, அதாவது கம்பீரமாகத் தொடங்கிப் போகப் போக இளைத்துப் போவது, பெரும்பாலும் வெறும் களைப்பு. கடைசிப் பத்தியை மறுநாள் காலையில் எழுதினால் பாதி சரியாகிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தன் குற்றம் எது என்று தெரியாமல் ஊரார் மருந்தைச் சாப்பிடுவது. பட்டியலில் முதல் இரண்டைப் பாருங்கள்: ‘குன்றக் கூறல், மிகைபடக் கூறல்’, அதாவது குறைத்துச் சொல்வதும் கூட்டிச் சொல்வதும். ஒன்றுக்கொன்று நேர் எதிர். “சுருக்கமாக எழுது” என்பது மிகைபடக் கூறுபவனுக்கு மருந்து. ஏற்கெனவே குன்றக் கூறுபவனுக்கு விஷம். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து எழுதச் சொல்லும் அறிவுரையும் இந்த ரகம்தான். உங்கள் குற்றத்தைக் கண்டுபிடிக்க, முதல் வரைவை அழிக்காமல் வையுங்கள். கணினியில் எழுதுபவர்கள் மேலேயே திருத்திக்கொண்டு போவதால் எங்கே இடறினோம் என்ற தடயமே மிஞ்சுவதில்லை. ஒரு வாரம் கழித்து, வெட்டிய இடங்களின் ஓரத்தில் பத்துக் குற்றத்தில் எது என்று பென்சிலால் குறியுங்கள். நாலு கட்டுரைக்குள் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். எனக்கு எட்டாவது.

அக்கா மகள் ஏழாவது படிக்கிறாள். எழுதியதை மூடி வைத்துவிட்டு அவளிடம் வாயால் சொன்னேன். சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நேரம் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 6 மணி 9 நிமிடம் தள்ளிப் போகும். சூரியன் மறைவதற்குள் நுழைந்தால் அன்றே தை 1. மறைந்த பின் நுழைந்தால் மறுநாள்.

“அப்ப வருஷா வருஷம் தள்ளிட்டே போனா பொங்கல் பிப்ரவரிக்குப் போயிடாதா மாமா?” என்றாள்.

லீப் ஆண்டை நான் எழுதவே இல்லை. அத்தனை ஆயிரம் ஆண்டுக் கணக்குப் போட்டவன், நாலு ஆண்டுக்கு ஒரு முறை பிப்ரவரி 29 வந்து அந்த நேரத்தை ஒரு நாள் முன்னுக்கு இழுத்துவிடுவதை விட்டுவிட்டேன். அது இல்லாமல் 14, 15 என்ற ஊசலாட்டமே புரியாது. நாலு பத்தியை வெட்டி, அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். கட்டுரை முக்கால் பக்கத்தில் முடிந்தது.

முதல் வரியை மட்டும் ஒரு துண்டுத் தாளில் வைத்திருக்கிறேன். இப்போது படித்தாலும் ஓசை நன்றாகத்தான் இருக்கிறது.