கை தட்ட முடியவில்லை, தட்டைத் தட்டினேன்

பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து முடிந்து ஆறு வாரம். விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், இரண்டு தடவை கை தட்டினாலே சுருக்சுருக்கென்று குத்தியது. சென்னை ஐஐடி வளாகத்தில், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் டெரி ஃபாக்ஸ் ஓட்டம். 1980-இல் செயற்கைக் காலோடு கனடாவில் 143 நாள் ஓடினாரே, அவர் பெயரில். என் தோழிகள் மூன்று பேர் ஓடும்போது நான் போகாமல் இருப்பதா?

ரத்தப் பரிசோதனையில், மருந்தால் குறைந்திருந்த வெள்ளை அணுக்கள் மறுபடி ஏறியிருந்தன. டாக்டர் சரி என்றார். நெரிசலான தொடக்க இடத்தை விட்டுத் தள்ளி, ஆலமர நிழலில் மடக்கு நாற்காலி போட்டேன். கைக்கு அம்மாதான் வழி சொன்னாள்: கரண்டிக் காம்பில் பழைய துண்டைத் தடிமனாகச் சுற்றிக்கொள். எவர்சில்வர் தட்டை அவள் பிடிக்க, நான் தட்டினேன். அதிர்வைத் துணி வாங்கிக்கொண்டது, வலியே இல்லை.

“ஏய், வந்துட்டியாடி!” ஓடிக்கொண்டே கத்தினாள் ஒருத்தி. அவள் வளைவில் மறையும்வரை தட்டினேன்.