மான் விழுந்த பிறகு: காட்டைவிட்டு வெளியே கொண்டுவருவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் துப்பாக்கி, தோட்டா, தொலைநோக்கி என்று மாதக்கணக்கில் படிக்கிறார்கள். சுட்ட மானை வண்டிவரை எப்படிக் கொண்டுவருவீர்கள் என்று கேட்டால் மட்டும், ‘இழுத்துக்கொண்டு வந்துவிடலாம்’ என்று ஒரே வரியில் பதில் வருகிறது. எழுபது எண்பது கிலோ எடை, துவண்டு கிடக்கும் உடல், விழுந்த மரங்கள், சேறு, மங்கும் வெளிச்சம் எல்லாம் சேர்ந்தால் அந்த ஒரு வரி எவ்வளவு நீளம் என்பது முதல் தடவை கயிற்றைக் கையில் பிடித்ததும் தெரிந்துவிடும். கறி கெடுவதும் முதுகு பிடித்துக்கொள்வதும் அபராதம் கட்ட நேர்வதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே பேசுவது, உரிமம் வாங்கி, அனுமதித்த பருவத்தில் வேட்டையாடும் அமெரிக்க, கனடியக் காடுகளைப் பற்றி மட்டுமே.

சுடும் முன்பே செய்துவிடும் தவறு

இழுப்பதில் வரும் தொல்லைகளில் பாதி, விசையை அழுத்தும் முன்பே முடிவாகிவிடுகிறது. செங்குத்தான பள்ளத்தின் அடியில், சதுப்புக்கு அப்பால், பொழுது சாயும் கடைசி நிமிடத்தில் நிற்கும் மானைச் சுடலாமா என்பது குறி தப்புமா தப்பாதா என்கிற கேள்வி மட்டுமல்ல. அங்கிருந்து எந்த வழியாக வெளியே வருவது என்பதற்குப் பதில் இல்லையென்றால் சுடாமல் விடுவதே மேல். என் கருத்தில், துணை இல்லாமல் போகிறவர்கள் இதை ஒரு கட்டாய விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

வழியை நிலப்படத்தில் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மேடேறும் குறுக்கு வழியைவிடச் சுற்றிப் போகும் சமதளம் எப்போதும் சுலபம். அடிபட்ட மான் ஓடிப்போய்ப் பக்கத்துத் தனியார் நிலத்தில் விழலாம். பல மாநிலங்களில் உரிமையாளரைக் கேட்காமல் அதற்குள் கால் வைக்க முடியாது. அவர் மறுத்தால் வேட்டைத்துறை அதிகாரியை அழைப்பதுதான் முறை. நீங்கள் சுட்ட இடத்திலும் மான் கடைசியாகத் தெரிந்த இடத்திலும் ஆரஞ்சு நாடா ஒன்றைக் கட்டிவிடுங்கள். இருட்டிய பிறகு காட்டில் எல்லா மரமும் ஒரே மரம்தான்.

விழுந்த மானைப் பின்புறமாக அணுகி, நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இமை அசைந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. அசைவில்லை என்று உறுதியானதும் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு, டேக்கை, அதாவது மானில் கட்ட வேண்டிய உரிமச் சீட்டைக் கவனியுங்கள். மானை நகர்த்தும் முன்பே டேக்கை நிரப்பிக் கட்ட வேண்டும் என்று பல மாநிலங்கள் வலியுறுத்துகின்றன. சில இடங்களில் அன்றைக்கே தொலைபேசியிலோ இணையத்திலோ பதிவு செய்ய வேண்டும். ‘வண்டிக்குப் போய் எழுதிக்கொள்ளலாம்’ என்று விட்டவர்களை வழியில் அதிகாரி நிறுத்தினால், சொல்லும் காரணம் எதுவும் எடுபடாது.

சூடு என்ற எதிரி

உயிரோடு இருக்கும் மானின் உடல் வெப்பம் 38, 39 டிகிரி செல்சியஸ். கறி பத்திரமாக இருக்க அது 4 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். குளிர்காலத்தில் மானுக்கு வளரும் ரோமம் உள்ளே கூடாக, காற்றை அடைத்து வைத்திருக்கும். தோல் உரிக்காமல், குடலும் எடுக்காமல் கிடக்கும் மான், மூடி திருகிய தெர்மாஸ் குடுவை மாதிரி. வெளியே பனி கொட்டினாலும் பின்தொடை எலும்பைச் சுற்றி மணிக்கணக்கில் சூடு தங்கியிருக்கும். கறி அங்கேதான் முதலில் கெடும். வீட்டில் தொடையைப் பிரிக்கும்போது எலும்பை ஒட்டிப் பச்சை படர்ந்து புளித்த வாடை அடிக்கிறதென்றால், தவறு காட்டில் நடந்திருக்கிறது.

ஆகவே வண்டிவரை இழுத்துவிட்டுப் பிறகு குடலை எடுக்கலாம் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மான் செத்த பிறகும் இரைப்பைக்குள் நொதித்தல் நிற்பதில்லை. வாயு சேர்ந்து வயிறு உப்பும். குடலை எடுத்துவிட்டால் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும் என்பதால் இழுப்பதும் எளிது. விழுந்த இடத்திலேயே, கையுறை மாட்டிக்கொண்டு, உடனே செய்ய வேண்டிய வேலை இது.

செய்யும் முறையிலும் ஆவேசம் கூடாது. கத்தி முனையைக் கீழே குத்தி இழுத்தால் இரைப்பை கிழிந்து, அரைகுறையாகச் செரித்த பச்சைத் தழை கறியெங்கும் கொட்டும். நெஞ்செலும்பு முடியும் இடத்தில் தோலில் சின்னதாக ஒரு துளை போட்டு, இடது கையின் இரண்டு விரல்களை உள்ளே நுழைத்துத் தோலையும் சதையையும் மேலே தூக்குங்கள். கத்தியின் கூர்ப்பக்கம் வானத்தைப் பார்க்கட்டும். விரல்களுக்கு நடுவே முனையை வைத்து, விரல் நகர நகரக் கத்தியும் நகர வேண்டும். ஆசனவாயைச் சுற்றி வெளியிலிருந்தே அறுத்து விடுவித்து, ஒரு நூலால் இறுக்கிக் கட்டிவிட்டால் குடலோடு சேர்த்து உள்ளிருந்து இழுத்துவிடலாம். மூத்திரப்பையின் கழுத்தை விரலால் நெரித்துப் பிடித்துக்கொண்டு அறுக்க வேண்டும். எதுவாவது சிந்திவிட்டால் சுத்தமான துணியால் துடைத்து, கறைபட்ட சதையைச் செதுக்கி எறியுங்கள். ஓடைத் தண்ணீரில் மானை முக்கி எடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அழுக்கு போவதை விட ஈரம் சேர்ந்து கிருமி வளர்வதுதான் அதில் நடக்கும்.

இழுத்துத்தான் போகப்போகிறீர்கள் என்றால் நெஞ்சுக்கூட்டையும் இடுப்பெலும்பையும் பிளக்காதீர்கள். தொண்டைவரை திறந்த மான், வழியிலிருக்கும் சருகையும் மண்ணையும் வாரி உள்ளே போட்டுக்கொள்ளும். சின்ன வாய் போதும். மூச்சுக்குழாயைக் கையை உள்ளே விட்டு அறுத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் இருந்தால் உள்ளே ஒருவர் கை மட்டுமே இருக்கட்டும். ரத்தத்தில் வழுக்கும் கத்திக்கு நண்பன் விரல் எது என்று தெரியாது.

இழுப்பதில் உள்ள சூட்சுமம்

மானின் ரோமம் தலையிலிருந்து வாலை நோக்கிப் படிந்திருக்கிறது. தலை முன்னே வரும்படி இழுத்தால் சருகின் மேல் வழுக்கிக்கொண்டு வரும். புதியவர்கள் கைக்கு வாகாக இருக்கிறதென்று பின்னங்காலைப் பிடித்து இழுக்கிறார்கள். அப்போது ஒவ்வொரு ரோமமும் எதிர்த்து நிற்கும். வயிற்றுக் கீறல் வழியாக மண் ஏறும்.

முன்னங்கால்களை மடக்கித் தலைக்குப் பின்னால் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் அவை புதரில் மாட்டுவதில்லை. கொம்புள்ள மானுக்குக் கொம்பின் அடியில் கயிறு. பெண் மானுக்குக் கழுத்தில் ஒரு சுருக்குப் போட்டு, அதே கயிற்றை மூக்கின் மேல் இன்னொரு சுற்று விட வேண்டும். இந்த இரண்டாவது சுற்றை விட்டுவிட்டால் தலை பக்கவாட்டில் மடிந்து, கண்ணில் படும் ஒவ்வொரு மரத்தையும் கட்டிப்பிடிக்கும்.

கயிற்றின் மறுமுனையில் ஒரு தடித்த குச்சியைக் கட்டினால் கைப்பிடி தயார். நீளத்தில் கவனம் தேவை. நீங்கள் நிமிர்ந்து இழுக்கும்போது மானின் தலையும் தோளும் தரையைவிட்டுச் சற்றே எழ வேண்டும். நீளக் கயிறானால் முழு எடையும் மண்ணில் உரசும். மிகக் குட்டையானால் குதிகாலில் வந்து இடிக்கும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வதும் இடுப்பில் கட்டிக்கொள்வதும் சரிவில் ஆபத்து. இறக்கத்தில் மானுக்கு நேர் கீழே நிற்காதீர்கள். ஈரச் சருகில் அது நீங்கள் எதிர்பாராத வேகத்தில் வரும். செங்குத்தான இடத்தில் மேலே நின்று, கயிற்றை ஒரு மரத்தில் ஒரு சுற்று விட்டு, மெல்ல இறக்குவதுதான் சரி.

பிளாஸ்டிக் ஸ்லெட் (தரையில் வழுக்கி இழுக்கும் சறுக்குத் தட்டு) பனியிலும் சருகிலும் நன்றாக உழைக்கும். இரண்டு சக்கரத் தள்ளுவண்டி தெளிவான பாதைக்கு அருமை. விழுந்த மரங்கள் நிறைந்த காட்டில் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும். நான்கு சக்கர மோட்டார் வண்டியைப் பாதையைவிட்டு ஓட்டப் பல பொதுக் காடுகளில் தடை உண்டு. அனுமதி இருந்தாலும், மானை அதன் பின்னால் கட்டித் தரையில் இழுப்பது கறியைக் கந்தலாக்கும்.

தூரம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால், அல்லது நடுவில் ஒரு ஏற்றம் இருந்தால், இழுக்கவே வேண்டாம் என்பேன். அங்கேயே தோலை உரித்து, கால்களைத் தனித்தனியாகப் பிரித்து, முதுகுக்கறியை எடுத்துத் தோள்பையில் இரண்டு நடையாகச் சுமப்பது எவ்வளவோ மேல். எண்பது கிலோ மானில் எலும்பு நீக்கிய கறி 25 முதல் 30 கிலோவுக்குள்தான் தேறும். மிச்சத்தை எதற்காக இழுக்க வேண்டும்? ஆனால் முதலில் உங்கள் மாநில விதியைப் படியுங்கள். சில இடங்களில் காட்டிலேயே துண்டாக்க அனுமதி கிடையாது. சில இடங்களில் ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு ஏதாவது ஒரு துண்டோடு ஒட்டியிருக்க வேண்டும். கறியைக் காற்றுப் புகும் மெல்லிய துணிப்பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால், இத்தனை நேரம் வெளியேற்றப் பாடுபட்ட சூட்டை மறுபடியும் உள்ளே கட்டிவைத்ததாகிவிடும்.

உங்கள் இதயம்

ஆண்டு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், நவம்பர் குளிரில், கனத்த உடுப்போடு, ஒரே மூச்சில் மானை இழுக்கிறார். மிச்சிகன் மாநிலத்தில் 25 ஆண்களை வேட்டையின்போது இதயத் துடிப்புக் கருவியோடு கவனித்து 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 10 பேருக்கு, மருத்துவமனை டிரெட்மில்லில் எட்டிய உச்சத் துடிப்பையே வேட்டைக்காட்டில் தாண்டிவிட்டது. பலர் ஏற்கெனவே இதயத் தமனி நோய் உள்ளவர்கள். மானைக் கண்ட பரபரப்பும் குளிரில் சுருங்கும் ரத்தக்குழாயும் இழுக்கும் சிரமமும் ஒன்றாகச் சேர்வதுதான் காரணம்.

இழுக்கத் தொடங்கும் முன்பே மேலங்கியைக் கழற்றிவிடுங்கள். வியர்வையில் நனைந்த உடுப்போடு நின்றால் சில நிமிடத்தில் உடல் விறைக்கத் தொடங்கும். முப்பது நாற்பது அடிக்கு ஒரு நிறுத்தம் போதும். மூச்சு சீரானதும் அடுத்த முப்பது. நெஞ்சிலோ தாடையிலோ இடது கையிலோ வலி வந்தால் கயிற்றைப் போட்டுவிட்டு உதவிக்கு அழையுங்கள். எங்கே இருக்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

தோளில் மானைப் போட்டு நடக்கும் படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். புதருக்கு அப்பால் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரருக்கு அசையும் பழுப்புத் தோலும் கொம்பும் மட்டுமே தெரியும். இழுக்கும்போதும் கொம்பில் ஒளிரும் ஆரஞ்சுத் துணி கட்டியிருக்கட்டும். கழற்றியது மேலங்கியாக இருந்தாலும் ஆரஞ்சு உடுப்பு உங்கள் உடம்பில் இருக்க வேண்டும்.

மொன்டானா, வயோமிங் போன்ற கிரிஸ்லி கரடி நடமாடும் பகுதிகளில் குடல் குவியலை விட்டுக் கறியை நூறு மீட்டராவது தள்ளி, உயரத்தில், தூரத்திலிருந்தே கண்ணில் படும் இடத்தில் தொங்கவிட வேண்டும். இரண்டாவது நடைக்குத் திரும்பும்போது சத்தம் கொடுத்துக்கொண்டே போங்கள். கரடி விரட்டும் ஸ்பிரே பைக்குள் அல்ல, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கரடி கறியைக் கைப்பற்றிவிட்டால் அது கரடியுடையது. வாதாட வேண்டாம்.

வண்டிக்கு வந்த பிறகு

சூடான எஞ்சின் மூடியின் மேல் மானைக் கட்டுவதும், தார்ப்பாயில் இறுகச் சுற்றி மூடிய பெட்டிக்குள் திணிப்பதும் காட்டில் பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கும். நெஞ்சுக்கூட்டை ஒரு குச்சியால் அகட்டி வைத்து, காற்று படும்படி கிடத்துங்கள். வெயில் நாளானால் மூடியிறுக்கிய புட்டிகளில் உறைய வைத்த பனிக்கட்டியை உள்ளே வையுங்கள். வெறும் பனிக்கட்டி உருகிக் கறியை ஊறவைக்கும்.

மாநில எல்லையைத் தாண்டுகிறீர்களா? அப்படியானால் மான்களைத் தாக்கும் நலிவு நோயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில் முதலில் கவனிக்கப்பட்ட இந்த நோய் இப்போது அமெரிக்காவின் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. பிரியான் என்னும் புரதத்தால் வருவது, சமைத்தாலும் அழியாது. மூளையிலும் தண்டுவடத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் அதிகம் சேரும். அதனால்தான் நோய்ப் பகுதியிலிருந்து தலையும் முதுகெலும்பும் உள்ள முழு உடலைக் கொண்டுபோகப் பல மாநிலங்கள் தடை விதித்திருக்கின்றன. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை; இருந்தும் நோய்ப் பகுதியில் சுட்ட மானைச் சோதித்துப் பார்க்கும்படியும், நோய் உறுதியானால் கறியைச் சாப்பிட வேண்டாம் என்றும் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்கிறது. தலையை எங்கே ஒப்படைப்பது என்பதை வேட்டைக்குக் கிளம்பும் முன்பே விசாரித்து வையுங்கள். முடிவு வரும்வரை அந்த மானின் கறியை மற்றதோடு கலக்காமல் தனியாகக் குறித்து உறைய வைக்க வேண்டும்.